கிரவுன் மோல்டிங்கும் உள்மூலையும்: உங்கள் அனுபவம் என்ன?

ஸ்காபரோவிலிருந்து:

ரொறன்ரோ பக்கம் வீட்டு உள்வேலை செய்கிறவன் நான். சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஓடும் அலங்காரப் பட்டைதான் கிரவுன் மோல்டிங்; அதன் ரெண்டு துண்டுகள் அறையின் உள்மூலையில் சேரும் இடம்தான் தலைவலி. "ரெண்டு துண்டையும் 45 பாகையில வெட்டிச் சேர்த்தா சரிதானே?" என்று வீட்டுக்காரர் எல்லாரும் கேட்பார்கள். மூலை 90 பாகையாக இருந்தால் சரி. ஆனால் டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) மூலையில் டேப் ஒட்டி, அதன்மேல் 'மட்' என்ற பூச்சுக் கலவையைப் பூசித் தேய்ப்பதால் அந்த இடம் தடித்து, கோணம் 91, 92 என்று விரிந்துபோகும்.

மார்க்கமில் ஒரு வீடு. வேறு ஆட்கள் கோடையில் பூட்டிய பைன் மோல்டிங், எல்லா உள்மூலையும் மைட்டர் வெட்டு, அதாவது ரெண்டு துண்டையும் சாய்வாக வெட்டிச் சேர்த்தது. தை மாதம் என்னைக் கூப்பிட்டபோது மூலைகள் வாய் பிளந்து நின்றன. ஹீட்டர் ஓட ஓட வீட்டுக் காற்று காய்ந்து, மரம் அகலவாக்கில் சுருங்கும். இடைவெளியில் அடைத்திருந்த கால்க் பசை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நான் செய்தது கோப்பிங், அதாவது ஒரு துண்டின் நுனியை மற்றத் துண்டின் வளைவுக்கேற்ப அறுத்துப் பொருத்துவது. ஒரு சுவரின் துண்டை நேராக வெட்டி மூலையில் முட்டவிட வேண்டும். அடுத்த துண்டை முதலில் வழக்கமான 45 வெட்டு வெட்டினால், மோல்டிங்கின் வளைவு அப்படியே வெட்டின் ஓரத்தில் கோடாகத் தெரியும். பென்சிலைப் படுக்கவைத்து அந்த ஓரத்தில் தேய்த்துவிட்டால் இன்னும் தெளிவு. பிறகு கோப்பிங் வாளை (மெல்லிய அலகுள்ள கைவாள்) பின்பக்கம் சரித்துப் பிடித்து, கோட்டை ஒட்டி அறுத்துக்கொண்டு போக வேண்டும். முன்விளிம்பு மட்டும்தான் மற்றத் துண்டின் முகத்தில் தொட வேண்டும். பின்னால் மரம் எவ்வளவு போனாலும் நல்லது. மூலை 88 ஆனாலும் 92 ஆனாலும் இணைப்பு மூடிக்கொள்ளும். நீளமான சுவருக்கு அரை நூல் கூட்டி வெட்டி, நடுவில் கொஞ்சம் வளைத்து உள்ளே தள்ளுங்கள். இறுகி உட்காரும்.

நியூ ஜெர்சியிலிருந்து:

அண்ணே, எனக்கு ஐ.டி. வேலை, மரவேலை வாரக்கடைசியில்தான். எங்கள் சாப்பாட்டு அறைக்கு வாங்கியது எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மோல்டிங். கோப்பிங் செய்து பார்த்ததில் மெல்லிய நுனிகள் உதிர்ந்தன. அதனால் மைட்டர்தான். ஆனால் கோணத்தை டிஜிட்டல் கேஜ் வைத்து அளந்தேன்: ஒரு மூலை 92. மைட்டர் சாவை (கோணம் வைத்து வெட்டும் மின்வாள்) 44-ல் வைத்து வெட்டினேன், சேர்ந்துவிட்டது.

மோல்டிங்கைத் தலைகீழாக வைக்க வேண்டும் என்பதுதான் முதலில் தலையைச் சுற்றுகிறது. சீலிங்கில் ஒட்டும் விளிம்பு சாவின் மேசையில், சுவரில் ஒட்டும் விளிம்பு ஃபென்ஸில் (மேசையின் பின்னால் நிற்கும் தடுப்பு). இடமும் வலமும் மாறிவிடும். 'உள்மூலை இடது', 'உள்மூலை வலது' என்று எழுதிய சிறு துண்டுகளை வெட்டிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

படுக்கவைத்தும் வெட்டலாம். சுவரோடு 38 பாகையில் சாய்ந்து உட்காரும் வகைக்கு மைட்டர் (சாவைத் திருப்பும் கோணம்) 31.6, பெவல் (அலகைச் சாய்க்கும் கோணம்) 33.9. 45 வகைக்கு 35.3, 30. ஆனால் இந்த எண்கள் மூலை சரியாக 90 ஆக இருந்தால்தான். எனக்கு நிற்கவைத்து வெட்டுவதுதான் வசதி.

ஒரு சந்தேகம். மாடியறையில் குளிர்காலம் வந்தால் நடுச்சுவரின் மேல் சீலிங்கே தூக்கிக்கொள்கிறது. மோல்டிங்குக்கும் சீலிங்குக்கும் நடுவில் நீளமாக இடைவெளி. இதுவும் வெட்டுக் கோளாறா?

மறுபடி ஸ்காபரோ:

இல்லை தம்பி, கோளாறு உங்கள் வெட்டில் இல்லை, கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டமான ட்ரஸில். அதன் கீழ்க்கட்டை இன்சுலேஷனுக்குள் சூடாகக் காய்ந்து கிடக்கும். மேல்கட்டைகள் குளிரில் ஈரம் பிடிக்கும். அதனால் கீழ்க்கட்டை மேல்நோக்கி வளைந்து சீலிங்கையும் கூட இழுக்கும். கோடையில் இறங்கிவிடும். அங்கே கால்க் வைப்பது காசுக்குக் கேடு. நடுச்சுவரில் மோல்டிங்கைச் சீலிங் பக்கம் மட்டும் ஆணியடியுங்கள், சுவரில் அடிக்க வேண்டாம். சீலிங்கோடு சேர்ந்து ஏறி இறங்கட்டும். பூட்டுமுன், மோல்டிங்கின் கீழ்விளிம்பு மறைக்கும் சுவர்ப்பகுதிக்கும் மோல்டிங்கின் பெயிண்டையே பூசிவிட்டால், அது மேலே ஏறும்போது பழைய சுவர் நிறம் எட்டிப்பார்க்காது.

எம்.டி.எஃப். பற்றி நீங்கள் சொன்னது சரி. கோப்பிங்தான் வேண்டுமென்றால் கை வாளை விட்டுவிட்டு, கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் உள்ள வட்டு) போட்டுப் பின்பக்கத்தைத் தேய்த்து எடுங்கள். முகமூடி கட்டாயம், அந்தத் தூசி பொல்லாதது.