யாழ்ப்பாணக் கடனீரேரியின் இறால் வளத்தை மதிப்பிட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். குருநகர் முதல் அரியாலை வரையான கடனீரேரிப் பகுதியில் வெள்ளை இறாலும் வரி இறாலும் எவ்வளவு உள்ளன, எத்தகைய அடித்தளத்தில் வாழ்கின்றன என்பதை அறியும் முயற்சியில் ஈடுபட்டுள்ளேன்.

பிடிபட்ட மொத்த நிறையை மட்டும் வைத்து வளம் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிட முடியாது. ஆழங்குறைந்த நீரில் தடிகளில் கட்டி வைக்கும் சிறகுவலை ஒன்று ஓர் இரவில் தந்த நிறையே ஒப்பிடத்தக்கது. ஆகவே, வலை வைத்த இடம், வலைக்கண்ணின் அளவு, நீரின் ஆழம், நிலவுக்காலமா இருட்காலமா என்பவற்றைக் குறித்த பழைய கொப்பிகள் தொழிலாளர் எவரிடமாவது இருந்தால், அவற்றைப் பார்வையிடத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வினங்கள் கடலில் முட்டையிட, குஞ்சுகள் கடனீரேரிக்குள் வந்து கடற்புல்லிலும் சேற்றிலும் வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன என்பதால், புல் அழிந்த இடங்களைத் தெரிந்தவர்கள் சொல்வது எனக்கு மிகவும் பெறுமதியானது.

கரையில் அளவெடுக்க இரண்டு மாணவர்களும் தேவை. கண்குழியின் பின்விளிம்பிலிருந்து தலையோட்டின் பின்விளிம்பு வரை அளக்க வேண்டும். தலையின் முன்னுள்ள கொம்பு முறிந்த இறாலிலும் இந்த அளவு மாறாது. வியாபாரிகள் பெரியதையும் சிறியதையும் பிரித்துவிட்டால் மாதிரி பயனற்றுப் போகும் என்பதால், வலை கரைசேரும் விடியற்காலையிலேயே அங்கு நிற்க வேண்டும். மாரி மழை உவர்த்தன்மையைக் குறைக்கும் முன் தொடங்க விரும்புவதால், உவர்மானி வைத்திருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்னர் இரவல் தந்தால் பேருதவியாக இருக்கும்.