திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் நம்பர் கேட்கிறார்கள், என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை மீனா:
அண்ணன்மார், அக்காமார் யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். இங்கே வெளிநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. இப்போது எச்.ஆர். அம்மா என்ஜினியர் லைசென்ஸ் நம்பரைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பு என்கிறார். நம் ஊரில் இப்படி ஒன்று கிடையாதே? பி.இ. முடித்தோம், சைட்டுக்குப் போனோம், அவ்வளவுதான். படித்தது கோயம்புத்தூர், வேலை பார்த்தது பாலக்காடு, பொள்ளாச்சி. நம்பர் இல்லை என்று சொன்னால் வேலை போய்விடுமா? என் கணவருக்கு இன்னும் வேலை அமையவில்லை. வீட்டுக்கு முன்பணம் வேறு கட்டிவிட்டோம். ராத்திரி தூக்கமே இல்லை.

மார்த்தாண்டத்துக்காரன், குவைத்:
தங்கச்சி, உங்கள் காலேஜில் அந்தக் கோர்ஸுக்கு என்.பி.ஏ. என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் இருந்ததா? அதை முதலில் பாருங்கள். 2018-ல் இங்கே இக்காமா என்ற வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க என்ஜினியர் சங்கத்தின் சான்று வேண்டும் என்று விதி வந்தது. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டு, பல்கலைக்கழகப் பட்டம் உண்டு, ஆனால் என்.பி.ஏ. இல்லை என்று நம் ஆட்கள் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டார்கள். நானும்தான். சைட் என்ஜினியராக வந்தவன், இக்காமாவில் சூப்பர்வைசர் என்று மாற்றிய பிறகுதான் இங்கே தொடர்ந்து இருக்க முடிந்தது. சம்பளம் அதேதான். ஆனால் ஊரில் அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை வாங்கும் வேலையையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. கேரளா என்பதால் அதற்கு நார்க்கா என்ற கேரள அரசு அமைப்பு, டிகிரி தமிழ்நாடு என்பதால் அதற்குச் சென்னை. எல்லையில் பிறந்தால் எல்லாம் ரெண்டு அலைச்சல்.

நகரி பையன், டெக்ஸஸ்:
குவைத் விதியை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார்? அமெரிக்கா என்றால் லைசென்ஸுக்கான முதல் பரீட்சை எஃப்.இ., அதற்குப் பதிவு செய்யுங்கள். 110 கேள்வி, மொத்தம் ஆறு மணி நேரம், ஊரில் படித்த எல்லா சப்ஜெக்டும் திரும்ப வரும். பிறகு பட்டத்தை, அந்தப் பரீட்சையை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பின் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. எனக்கு மார்க் விவரம் யூனிவர்சிட்டியிலிருந்து நேராக வர வேண்டியிருந்தது. மாமா நகரியிலிருந்து அனந்தப்பூருக்கு பஸ் ஏறிப் போய், ஒரு கிளார்க்கின் மேசை முன்னால் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்துதான் கவரை ஒட்ட வைத்தார்.

செங்கோட்டை சிவில், பிரிஸ்பேன்:
பரீட்சை எல்லாம் எதற்கு? இங்கே எழுத்து வேலைதான். சி.டி.ஆர். என்று ஒரு திறன் அறிக்கை, அதில் கேரியர் எபிசோட் என்று மூன்று அனுபவக் கட்டுரை. நம் வேலையை நாமே கதை போலச் சொல்ல வேண்டும். நான் புளியரைப் பக்கம் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகப் போட்ட ஒரு கல்வெர்ட்டை எழுதினேன். மழைத் தண்ணீர் எவ்வளவு வரும் என்று எப்படிக் கணக்குப் போட்டேன், குழாய் விட்டத்தை ஏன் கூட்டினேன் என்று எல்லாம். ‘நாங்கள் செய்தோம்’ என்றே எழுதக் கூடாது, ‘நான் செய்தேன்’ என்றுதான். சின்ன வயசிலிருந்து பெருமை பேசாதே என்று வளர்த்த நமக்கு அதுதான் கஷ்டம். சி.டி.ஆர். எழுதித் தருகிறேன் என்று ஏஜென்ட் வந்தால் ஓடிவிடுங்கள், ஒரே கல்வெர்ட்டைப் பத்துப் பேருக்கு விற்பான். மற்றபடி கவலை வேண்டாம். இந்தியா 2014-லேயே என்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் சேர்ந்தாச்சு, நம் பட்டம் செல்லும்.

மார்த்தாண்டத்துக்காரன், குவைத்:
செல்லும் என்று சும்மா சொல்லாதீர்கள் அண்ணாச்சி. என்.பி.ஏ.வில் டயர் ஒன் என்று ஒரு வகை இருக்கிறது. அந்த அங்கீகாரம் இருந்த காலத்தில் முடித்த பட்டத்துக்குத்தான் அந்த ஒப்பந்தம். காலேஜ் வாசலில் ‘நாக்’ அமைப்பின் ‘ஏ’ கிரேடு என்று போர்டு வைத்திருந்தால் அது காலேஜ் முழுமைக்குமான மதிப்பீடு, வேறு கணக்கு.

கம்பத்தான், கால்கரி:
இது கனடா மாதிரி தெரிகிறது. கனடா என்றால் விடுங்கள். ஒரு வருடம் இங்கேயே பி.எங்., அதாவது லைசென்ஸ் உள்ள என்ஜினியர் ஒருவருக்குக் கீழே வேலை பார்த்த அனுபவம் வேண்டும். வேலைக்குப் போனால் அனுபவம் கேட்பான், அனுபவத்துக்கு வேலை கேட்டால் லைசென்ஸ் கேட்பான். நான் வந்த முதல் குளிர்காலம் முழுக்க வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கினேன். மைனஸ் முப்பதில் பஸ்ஸுக்கு நின்றால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். குமுளி மலையில் ஸ்வெட்டர் போட்டதையே குளிர் என்று நினைத்த ஆள் நான்.

வாளையார் ரமணி, லண்டன்:
அங்கேயாவது லைசென்ஸ் என்று தெளிவாகக் கேட்கிறான். இங்கே சார்ட்டர்ட் என்ஜினியர் என்ற தகுதி இல்லாமலே வேலை பார்க்கலாம், ஆனால் மேலே போக முடியாது.

கம்பத்தான், கால்கரி:
கஞ்சிக்கோட்டிலேயே ஒரு ஃபேக்டரியில் இருந்திருக்கலாம் என்று தோன்றும் இல்லையா?

வாளையார் ரமணி, லண்டன்:
தோன்றும். அப்புறம் அங்கே கொடுத்த சம்பளம் ஞாபகம் வரும்.

களியக்காவிளை அக்கா, ஒன்ராறியோ:
புலம்பலை நாளைக்கு வைத்துக்கொள்வோம். மீனா, எந்த நாடு, எந்த மாகாணம்? ஆஃபர் லெட்டரில் பதவிப் பெயர் என்ன? எச்.ஆர். மெயிலில் உள்ள வரியை அப்படியே போடு.

கொழிஞ்சாம்பாறை மீனா:
கனடா, ஒன்ராறியோவில் மிசிசாகா அக்கா. பதவி ‘ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்’. மெயிலில் ஒரு ஃபார்ம் இருக்கிறது. அதில் ‘பி.எங். எண், இருந்தால்’ என்று இருக்கிறது. இன்னொன்று, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் பேருக்குப் பின்னால் வீட்டுப் பெயர், டிகிரியில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசாக.

களியக்காவிளை அக்கா, ஒன்ராறியோ:
‘இருந்தால்’ என்றுதானே கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

ஆனால் பதவிப் பெயரை விடாதே. ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாத ஆள் தன்னை என்ஜினியர் என்று போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. வேலை செய்யலாம், தடையில்லை. ஒரு பி.எங். உன் வேலைக்குப் பொறுப்பேற்று டிராயிங்கில் அவர் சீல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘டிசைனர்’ என்று லெட்டரை மாற்றித் தரச் சொல். ஈமெயில் கையெழுத்து, லிங்க்டுஇன் எல்லாவற்றிலும் அப்படியே மாற்று. எச்.ஆருக்கு இது புதிதல்ல, கோபப்பட மாட்டார்கள்.

கம்பத்தான் சொன்ன அந்த ஒரு வருடக் கனடா அனுபவத்தை ஒன்ராறியோவில் 2023 மே மாதமே எடுத்துவிட்டார்கள். இப்போது மொத்தம் 48 மாத அனுபவம் வேண்டும், ஊரில் பார்த்ததும் அதில் சேரும். அதை 34 திறன்களாகப் பிரித்துக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீ செய்த வேலையிலிருந்து ஓர் உதாரணம் எழுத வேண்டும். செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன ‘நான் செய்தேன்’ இங்கேயும் அப்படியே பொருந்தும். ‘பல கட்டடங்களில் வேலை பார்த்தேன்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்த பீம், என்ன லோடு, எந்த டிசைன் விதிநூல் (கோட்), கான்டிராக்டர் வேறு மாதிரி கேட்டபோது நீ என்ன சொன்னாய், அதை எழுது. நீ எழுதியது உண்மைதான் என்று உன் வேலையை நேரில் அறிந்த என்ஜினியர்கள் உறுதி சொல்ல வேண்டும். பழைய முதலாளியோடு சண்டை போட்டு வந்திருந்தால் இன்றைக்கே ஒரு போன் போடு.

என்.பி.பி.இ. என்று ஒரு பரீட்சையும் உண்டு. இரண்டரை மணி நேரம், 110 கேள்வி, சட்டமும் தொழில் ஒழுக்கமும்தான், கணக்கு இல்லை. அதற்கு இப்போதே படிக்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்பதால் டெக்னிக்கல் பரீட்சையும் வரலாம். அதற்கான விதியை மட்டும் ஒன்ராறியோவில் லைசென்ஸ் தரும் பி.இ.ஓ. அமைப்பின் தளத்தில் நீயே படி, இங்கே யார் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும்.

அட்டஸ்டேஷனுக்குச் சென்னைக்கு யாரையும் ஓட்டாதே, அது வளைகுடா வழக்கம். மார்க் விவரம் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வரும்படி இப்போதே கேட்டுவை, அதற்குத்தான் நாள் பிடிக்கும். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட் பெயரை ஒரு எழுத்து மாறாமல் போடு. மூன்று பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் எடுத்து வைத்துக்கொள்.

நகரி பையன், டெக்ஸஸ்:
டிபன் பாக்ஸோடு போக ஒரு மாமா வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மீனா:
ரொம்ப நன்றி அக்கா. ஃபார்மை அனுப்பிவிட்டேன், பதவிப் பெயரை மாற்றவும் எழுதிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். என் வேலைக்கு உறுதி கேட்டு மெயில் போகுமே, ஆனால் பொள்ளாச்சியில் எனக்கு மேலே இருந்த சார் வாட்ஸ்அப் தவிர எதுவும் பார்க்க மாட்டார். நானே அவர் பேரில் ஒரு ஈமெயில் திறந்து வைக்கலாமா?

களியக்காவிளை அக்கா, ஒன்ராறியோ:
கூடவே கூடாது! அவர் பேரில் நீ பதில் போட்டதாகத் தெரிந்தால் லைசென்ஸ் கனவு அத்தோடு முடிந்தது. அவர் வீட்டில் பையனோ பொண்ணோ திறந்து கொடுக்கட்டும், ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் அர்த்தம் சொல்லட்டும். பதில் அவர் சொன்னதாகவே இருக்க வேண்டும். கேள்வி என்ன மாதிரி வரும் என்று முன்கூட்டியே அவருக்குப் போனில் சொல்லிவை. ஸ்பாம் ஃபோல்டரையும் பார்க்கச் சொல்.