காகித முகமூடி பூஞ்சணம் பிடிக்குது, பாட்டும் கேட்குதில்லை

களரிக்காரன்:
இறுதியாண்டு அரங்கச் செயற்றிட்டத்துக்கு மட்டக்களப்புக் கூத்து வகையான வடமோடி ஆட்டத்தை முகமூடியோடு ஆடிப் பார்க்கிறம். ஐந்து முகம். களிமண் அச்சில எட்டுப் படை பேப்பர் ஒட்டி, மூன்றாம் நாள் கழற்றினம். உள்ளுக்குப் பூஞ்சணம், தாடைப் பக்கம் வளைஞ்சு போச்சு. போட்டுக்கொண்டு பாடினால் மத்தளத்தை மீறிச் சொல் வருதில்லை. மட்டக்களப்புக் கல்லடியில திறந்தவெளி வட்டக்களரி (வட்டமான கூத்து மேடை), தை மாதம் அளிக்கை. மழை விட்டபாடில்லை.

பசைச்சட்டி:
எட்டையும் ஒரே இருப்பில ஒட்டியிருப்பீங்க. மேற்படை காய்ஞ்சதும் உள்ளீரம் போக வழியில்லை; ஈரக் களிமண்ணும் கீழிருந்து ஊட்டும். அச்சில வாஸ்லீன் பூசி, முதற்படையைப் பசையில்லாமல் வெறும் தண்ணியில நனைச்சு வையுங்க. பிறகு இரண்டிரண்டு படையாக ஒட்டிக் காயவிடுங்க. ஒரு படை பத்திரிகைத் தாள், அடுத்தது பிரவுண் பேப்பர்: விடுபட்ட இடம் நிறத்திலேயே தெரியும். கத்தரிக்கோல் வேண்டாம், கிழிச்ச ஓரம்தான் படியும்.

பசை: ஒரு சுண்டு கோதுமை மாவை ஒரு சுண்டு பச்சைத் தண்ணியில கரைச்சு, கொதிக்கிற நாலு சுண்டு தண்ணியில ஊற்றி, பளபளக்கும்வரை கிண்டுங்க. அன்றன்றைக்குக் காய்ச்சுங்க.

நாலாம் படையோட கழற்றி, பொலித்தீன் சுற்றின அச்சிலேயே திரும்ப வைச்சு மிச்சத்தை ஒட்டினால் வளையாது. மாரியில வெயிலை நம்பேலாது, ஃபேன் காத்துப் போதும். சமையல் தராசில தினம் நிறுங்க. அடுத்தடுத்து இரண்டு நாள் காலையில ஒரே கிராம் காட்டினால்தான் காய்ஞ்சது.

மயில்கழுத்து:
பசைக்குள்ள ஒரு தேக்கரண்டி துத்தம் (செப்புச் சல்பேற்று) போட்டால் பூஞ்சணமே வராதே?

பிற்பாட்டு:
முகத்தில போடுற சாமானுக்குத் துத்தம் கூடாது. வியர்வையில கரைஞ்சு கண்ணுக்குள்ள இறங்கும். கடைசி இரண்டு படைக்கு வெள்ளைப் பைண்டர் பசை, உள்ளே இரண்டு பூச்சு வார்னிஷ் போதும். வார்னிஷ் மணம் போகும்வரை போட்டு ஆடாதீங்க. நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில ஸ்பொஞ்சு ஒட்டினால் காத்து ஓடும்.

குரலுக்கு வாய்த்துளையைப் பெருப்பிச்சுப் பிரயோசனமில்லை. சத்தம் உள்ளேயே சுத்தும். மேலுதட்டோட வெட்டி அரைமுகமாக்குங்க. கண்துளையின் கீழோரத்தையும் இறக்குங்க, சுழன்றாடும்போது கால் தெரியவேணும்.

இன்னொன்று. வட்டக்களரியில சபை நாலு பக்கமும் இருக்கு. பின்னால இருக்கிறவருக்கு உங்கட முகமூடி இரண்டு நாடாவும் ஒரு முடிச்சும்தான். முகமூடியைத் தலையில வைக்கிற முடியோட (கிரீடத்தோட) சேர்த்துக் காதுவரை இழுக்கிறதா, பிடரியில இன்னொரு முகம் வைக்கிறதா? பரிசோதனை எண்டால் இதுதான் கேள்வி, பூஞ்சணம் இல்லை. ஒரே வரவை (பாத்திரம் களரிக்குள்ள வாற ஆட்டத்தை) முகமூடியோடும் இல்லாமலும் ஆடி, ஒரே இடத்திலிருந்து பதிவெடுங்க. எந்தச் சொல் விழுங்கப்படுது, எந்தத் திருப்பத்தில ஆட்டக்காரர் தயங்குறார் எண்டு குறிச்சு வையுங்க, அறிக்கைக்கு உதவும்.

களரிக்காரன்:
அரைமுகமாக்கி இரண்டை மட்டும் முதலில செய்யிறம். பிடரி முகத்துக்குப் பாரம் கூடுமே?

பசைச்சட்டி:
அதுக்கு நாலு படை போதும். நாடாவில தொங்கவிடாதீங்க, முடியின் வளையத்தில தையுங்க.