வெப்பநிலை ஏறினாலும் விறைப்பு குறையவில்லை: லாம்ப்ஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அணுக்களின் அசைவைக் கணினியில் கணிக்கும் லாம்ப்ஸ் மென்பொருளில் ஒரு மாதிரி: பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) பாலிமருக்குள் ஒரு (10,10) வகைக் கார்பன் நானோகுழாய். 300 முதல் 500 கெல்வின் வரை யங் குணகம் (விறைப்பின் அளவு) எப்படி மாறுகிறது என்பதுதான் கணிப்பு. பிசிஎஃப்எஃப் விசைப்புலம் (அணுக்களுக்கிடையேயான விசைகளைத் தரும் சமன்பாட்டுத் தொகுப்பு), காலப்படி 1 ஃபெம்டோநொடி. 600 கெல்வினில் தளர்த்தி, 20 கெல்வினுக்கு 1 நானோநொடி வீதம் குளிரவைத்து, பிறகு ஒரு திசையில் இழுப்பு. மற்ற இரு திசைகளிலும் 1 வளிமண்டல அழுத்தம்.

அச்சுத் திசையில் குணகம் அசையவே இல்லை. குழாய் கணிப்புப் பெட்டியின் எல்லையைத் தாண்டித் தொடர்வதால், அதன் ஏறத்தாழ 1 டெராபாஸ்கல் விறைப்பு சுமார் 3 ஜிகாபாஸ்கல் பாலிமரை விழுங்கிவிடுகிறது. அது புரிகிறது. தொல்லை குறுக்குத் திசையில்தான்: 0.1% நீட்சிக்கு வரவேண்டிய தகைவே 3 மெகாபாஸ்கல். அழுத்த ஏற்ற இறக்கம் அதைப்போல் பல மடங்கு.

2% வரை இழுத்துத் தகைவு-நீட்சிக் கோட்டின் சாய்வு எடுத்தால் நேர்கோட்டுப் பகுதியைத் தாண்டிவிடுமா, குறிப்பாக 400 கெல்வினுக்கு மேல்? ஐந்தாறு தனித்தனித் தொடக்க அமைப்புகளின் சராசரி போதுமா? பெட்டிக்குள்ளேயே முடியும் குட்டைக் குழாய்க்கு மாறினால் முனைகளை ஹைட்ரஜனால் மூடுவதா, அரைக்கோள மூடி வைப்பதா?

கண்ணாடி நிலைமாற்றம் (பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) சோதனை மதிப்பான சுமார் 378 கெல்வினைவிட மேலே வருவது குளிர்விப்பு வேகத்தால்; அதை விட்டுவிடலாம். உள்ளீட்டுக் கோப்பின் இழுப்புப் பகுதியை யாராவது பகிர்ந்தால் பெரிய உதவி.