லைசென்ஸ் ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம்: அமெரிக்க ராணுவத்தினருடன் துப்பாக்கி வாங்கல் விற்றல் (பலரின் அனுபவப் பகிர்வு)

கிளார்க்ஸ்வில், டென்னசி

ஃபோர்ட் கேம்பெல் ராணுவத் தளத்தின் பக்கத்தில் துப்பாக்கி விற்பவர் எவருக்கும் முதலில் வரும் குழப்பம் இதுதான். வாங்க வருபவர் கையில் டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ் இருக்கும். வீடு டென்னசியில். ராணுவ உத்தரவில் "ஃபோர்ட் கேம்பெல், கென்டக்கி" என்று இருக்கும். அந்தத் தளத்தின் நிலம் பெரும்பகுதி டென்னசிக்குள் கிடந்தாலும் தபால் முகவரி கென்டக்கிதான். இவர் எந்த மாநிலத்தவர்?

1968ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி டீலருக்கான லைசென்ஸ் இல்லாத ஒருவர் (அதாவது தனிநபர்) வேறு மாநிலத்தவர் என்று தெரிந்தவருக்கு, அல்லது அப்படி நினைக்க நியாயமான காரணம் உள்ளவருக்கு, துப்பாக்கியைக் கைமாற்றக் கூடாது. வாங்குபவரும் வெளிமாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியைத் தன் மாநிலத்துக்குக் கொண்டுவரக் கூடாது. உயில் வழியாக வந்தது போன்ற சில விலக்குகள் உண்டு. பிடிபட்டால் ஐந்து வருடம் வரை சிறை. அதனால் "எந்த மாநிலத்தவர்" என்ற கேள்வியில்தான் முழு வியாபாரமும் நிற்கிறது.

முழுநேரப் பணியில் இருப்பவருக்குச் சட்டம் இப்போது மூன்று வாசல் திறந்து வைத்திருக்கிறது: அவருடைய சட்டபூர்வ வசிப்பிட மாநிலம், நிரந்தரப் பணியிடம் உள்ள மாநிலம், தினமும் பணிக்குப் போய்வரும் வீடு இருக்கும் மாநிலம். மேலே சொன்னவர் டெக்சாஸ், கென்டக்கி, டென்னசி மூன்றுக்கும் உரியவர். மூன்றிலும் தனிநபரிடம் வாங்கலாம். டென்னசி, கென்டக்கி இரண்டிலும் தனிநபர் விற்பனைக்கு மாநிலம் பேக்ரவுண்ட் செக் (வாங்குபவரின் பின்னணிச் சோதனை) கேட்பதில்லை.

அதே தளத்தின் பாரக்ஸில் (வீரர் குடியிருப்பில்) தங்கியிருக்கும் ஜார்ஜியா பையனுக்குக் கதை வேறு. அவருக்கு ஜார்ஜியாவும் கென்டக்கியும் மட்டும். கிளார்க்ஸ்வில்காரர் வீட்டு வாசலில் வைத்து அவருக்குக் கைத்துப்பாக்கி விற்றால் சிக்கல். விற்பவர் அதைக் கென்டக்கி டீலரிடம் ஒப்படைக்க வேண்டும், பையன் அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ரைஃபிள், ஷாட்கன் என்றால் டென்னசி டீலரே இரண்டு மாநிலச் சட்டத்துக்கும் உட்பட்டு அவருக்குக் கொடுக்க முடியும். கைத்துப்பாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை.

டீலர் கவுன்டர், எல் பாசோ

மேலே எழுதியவர் சொன்ன மூன்று வாசல் சமீபத்தில் வந்தது. முன்பு சட்டத்தின் வாசகத்தில் பணியிட மாநிலம் மட்டும்தான். 2022 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் செலவுச் சட்டம் அதை விரித்தது, 2023 நடுவில் அமலுக்கு வந்தது. அதோடு கணவன் அல்லது மனைவியும் உள்ளே வந்தார். அதற்கு முன் எழுதிய பழைய குறிப்புகள் இன்னும் கைக்குக் கை சுற்றுகின்றன. "மனைவிக்குப் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் எந்த வருடத்துக் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

காகிதம் பற்றி. ராணுவ அடையாள அட்டையில் வீட்டு முகவரியும் இல்லை, பணியிடமும் இல்லை. அட்டையை மட்டும் நீட்டினால் அவர் ராணுவத்தவர் என்று தெரியும், எந்த மாநிலத்தவர் என்று தெரியாது. தேவைப்படுவது நிரந்தரப் பணியிட மாற்ற உத்தரவு, எல்லோரும் பிசிஎஸ் ஆர்டர் என்பார்களே, அது. டீலர் நிரப்ப வைக்கும் 4473 படிவத்தில் அந்த உத்தரவின் தளம், ஊர், அமல் தேதி, உத்தரவு எண் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அமல் தேதியைக் கவனியுங்கள். உத்தரவு கைக்கு வந்து, இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் போய்ச் சேர வேண்டும் என்றால், புதிய மாநிலத்தைப் பணியிடமாகக் காட்டி இன்றே வாங்க முடியாது. பயிற்சிக்கோ தற்காலிகப் பணிக்கோ அனுப்பும் உத்தரவு கணக்கிலேயே வராது. ஆறு வாரப் பயிற்சிக்கு வந்தவர் அந்த மாநிலத்தவர் ஆகிவிடுவதில்லை. ராணுவப் பயண விதிகளில் ஒரே இடத்தில் 20 வாரமோ அதற்கு மேலோ நடக்கும் பயிற்சியைப் பொதுவாக இடமாற்றமாகவே எழுதுவார்கள், அங்கே நிலைமை மாறும். மாதத்தில் ஒரு வாரக் கடைசி மட்டும் பயிற்சிக்குப் போகும் ரிசர்வ், நேஷனல் கார்டு ஆட்களுக்கு இந்த விதி கிடையாது.

சட்டபூர்வ வசிப்பிடத்தைக் காட்ட, மாதச் சம்பள ரசீதில் வரிக்கான மாநிலம் என்று ஒரு வரி இருக்கும். டிடி 2058 என்ற படிவத்தில் அறிவித்த மாநிலம்தான் அங்கே வரும். மனைவி வாங்க வந்தால் கணவரின் உத்தரவு நகலும் மணச்சான்றும் கையில் இருக்கட்டும். உத்தரவில் மனைவியின் பெயர் குடும்பத்தவராக இருந்தால் வேலை சுலபம்.

தனிநபர் விற்பனையாளர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு: பாதுகாப்புக்காக என்று வாங்குபவரின் ராணுவ அட்டையைப் போனில் படம் எடுப்பது. அந்த அட்டையை நகலெடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கண்ணால் பாருங்கள், பெயரையும் காலாவதித் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள், போதும். உத்தரவைக் காட்டுபவரும் தன் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கூடவே பெயர் வரும் மற்ற வீரர்களின் விவரங்களையும் மறைத்துவிட்டுக் காட்ட வேண்டும்.

வயதுக் கணக்கு

இதை யாரும் தொடவில்லை, ஆனால் அதிகம் அடிபடுவது 18 முதல் 20 வயதுக்காரர்கள்தான். கூட்டாட்சிச் சட்டத்தில் டீலர் கைத்துப்பாக்கி விற்க வாங்குபவருக்கு 21 ஆகியிருக்க வேண்டும். ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீண்ட துப்பாக்கிக்கு 18. தனிநபர் விற்பனையில் கைத்துப்பாக்கிக்கும் 18 போதும். ராணுவச் சீருடை போட்டிருப்பதால் டீலரிடம் வயது குறையாது.

இப்போது மேலே சொன்ன ஜார்ஜியா பையனுக்கு 19 வயது என்று வையுங்கள். டென்னசிக்காரர் நேரடியாக விற்க முடியாது, மாநிலம் வேறு. டீலர் வழியாகப் போனால் வயது இடிக்கிறது. இரண்டு பக்கமும் அடைப்பு. கென்டக்கியிலோ ஜார்ஜியாவிலோ குடியிருக்கும் தனிநபர் விற்பனையாளரைத் தேடுவதுதான் வழி. "நான் கென்டக்கிக்கு வந்து தருகிறேன்" என்று டென்னசி விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். துப்பாக்கி எந்த மண்ணில் கைமாறுகிறது என்பது இங்கே உதவாது. இருவரும் ஒரே மாநிலத்தவரா என்பதே கேள்வி.

மாநிலச் சட்டம் இன்னும் இறுக்கலாம். ஃபுளோரிடா 2018இல் எல்லாத் துப்பாக்கிக்கும் வாங்கும் வயதை 21 ஆக்கியது. அங்கே பணியில் உள்ள ராணுவத்தினர் ரைஃபிளும் ஷாட்கன்னும் மட்டும் அதற்கு முன்பே வாங்கலாம்.

லாஸ் குரூசஸ், நியூ மெக்சிகோ

ஃபோர்ட் பிளிஸ் தளமும் கேம்பெல் மாதிரிதான், இன்னும் ஒரு படி மேலே. தலைமையகம் எல் பாசோவில், உத்தரவில் டெக்சாஸ், ஆனால் பயிற்சி நிலத்தின் பெரும்பகுதி நியூ மெக்சிகோவில். நியூ மெக்சிகோ பக்கத்துச் சாப்பரலில் வீடு எடுத்துத் தினமும் போய்வருபவர் இரண்டு மாநிலத்துக்கும் உரியவர். டெக்சாஸ் ஆள் ஒருவர் எல் பாசோவில் வைத்து அவருக்கு நேரடியாக விற்கலாம், அவரிடம் நியூ மெக்சிகோ லைசென்ஸ் இருந்தாலும் சரி.

கைமாறும் இடம் உதவாது என்று மேலே ஒருவர் எழுதினார். கூட்டாட்சிச் சட்டத்துக்கு அது சரி. மாநிலச் சட்டத்துக்கு இடம்தான் எல்லாம். டெக்சாஸில் தனிநபர் விற்பனைக்கு செக் தேவையில்லை. நியூ மெக்சிகோவில் 2019 ஜூலை முதல் நெருங்கிய உறவினர் போன்ற சிலரைத் தவிர மற்ற தனிநபர் விற்பனைக்கும் டீலர் வழியாக பேக்ரவுண்ட் செக் கட்டாயம். அதே இருவர், அதே துப்பாக்கி, பாதித் தூரத்தில் சந்திக்கலாம் என்று லாஸ் குரூசஸ் கடை வாசலில் வைத்துக்கொண்டால் குற்றம் ஆகிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு "பாதி வழி நான் வருகிறேன்" என்று சொல்வதில் இப்படியொரு பள்ளம் இருக்கிறது.

இடமாற்றத்துக்கு முந்தின வாரம்

அவசர விற்பனை நடப்பது இந்த வாரத்தில்தான். டெக்சாஸிலிருந்து நியூயார்க்கின் ஃபோர்ட் டிரம்முக்குப் போகிறவர், அங்கே கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி வேண்டும் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் விற்கப் பார்ப்பார். போகும் முன் விற்றால் பிரச்சினை இல்லை. புதிய தளத்தில் சேர்ந்த பிறகு விடுமுறையில் திரும்பிவந்து பழைய நண்பருக்கு விற்கிறார் என்றால், டெக்சாஸ் அவருடைய சட்டபூர்வ வசிப்பிடமாக இருந்தால் ஒழிய, டீலர் வழிதான்.

இதைவிட மோசமானது, "நீ வைத்திரு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நண்பரிடம் விட்டுப்போவது. ஆறு மாதம் கழித்து "நீயே வைத்துக்கொள், பணத்தை அனுப்பு" என்பார்கள். அந்தப் பணம் வரும் நேரத்தில் இருவரும் வெவ்வேறு மாநிலத்தவர். மாநிலம் தாண்டித் தற்காலிகமாகக் கொடுப்பதற்குள்ள விலக்கு வேட்டை, இலக்குச் சுடுதல் போன்ற விளையாட்டுக் காரியத்துக்கு மட்டும். செக் கட்டாயமான மாநிலங்களில் வெறுமனே பத்திரப்படுத்தக் கொடுப்பதையே கைமாற்றமாகப் பார்க்கக்கூடும். விற்பதென்றால் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள், எழுத்தில்.

எழுத்தில் என்றால்: தேதி, தயாரிப்பாளர், மாடல், காலிபர், சீரியல் நம்பர், விலை, இருவர் பெயர், எந்த மாநிலத்தவர் என்ற அறிவிப்பு, வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் அல்ல என்ற ஒரு வரி, இரண்டு கையெழுத்து, இரண்டு பிரதி. சீரியல் நம்பரைத் துப்பாக்கியின் சட்டகத்திலிருந்து நேரில் படித்து எழுதுங்கள், பெட்டியிலிருந்து வேண்டாம். பெட்டிகள் மாறிப்போவது சர்வசாதாரணம். கூட்டாட்சிச் சட்டம் தனிநபரிடம் இந்தக் காகிதத்தைக் கேட்பதில்லை. ஆனால் நான்கு வருடம் கழித்து அந்தத் துப்பாக்கி எங்கோ கிடைத்தால் தேடல் முதலில் வந்து நிற்பது கடையில் வாங்கியவர் வாசலில்.

சந்தேகம் இருந்தால் டீலரிடம் போங்கள். பேக்ரவுண்ட் செக் முறைக்குள் தனிநபர் நேரே நுழைய முடியாது. அங்கும் ஒரு விஷயம்: செக் தாமதமானால் விற்பவர் துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அப்படி விட்டுப்போனால் அது டீலரின் இருப்புப் பதிவேட்டில் ஏறும். பிறகு வாங்குபவர் நிராகரிக்கப்பட்டால், தன் சொந்தத் துப்பாக்கியைத் திரும்பப் பெற விற்பவரே 4473 நிரப்பி செக்குக்கு உட்பட வேண்டும். நாளை கிளம்ப வேண்டிய வீரருக்கு இது பெரிய தலைவலி. முடிவு வரும்வரை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வருவது நல்லது.

ஹவாய், கலிஃபோர்னியா, வட கரோலினா

ஹவாயில் வந்து இறங்கிய ஐந்து நாளுக்குள் துப்பாக்கியைக் காவல் துறையில் பதிய வேண்டும், ராணுவத்தினரும் அடக்கம். அங்கே வாங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி தேவை, விற்பவர் தனிநபராக இருந்தாலும். கலிஃபோர்னியாவில் தனிநபர் விற்பனை டீலர் வழி, 10 நாள் காத்திருப்பு. இரண்டு இடத்திலும் கூட்டாட்சி வசிப்பிட விதி கதவைத் திறக்கிறதே தவிர மாநில நிபந்தனைகளைத் தள்ளுபடி செய்வதில்லை. வட கரோலினாவில் மட்டும் நிலைமை இளகியிருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு ஷெரிஃப் தர வேண்டிய வாங்கும் அனுமதியை 2023 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். அங்குள்ள ஃபோர்ட் பிராக் தளத்தின் பக்கம் இன்னும் சிலர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சலுகை விலை

ராணுவத்தினருக்கென்று தயாரிப்பாளர்கள் தரும் தள்ளுபடி விலையில் ஒன்று வாங்கிக் கொடு, பணம் தருகிறேன் என்று நண்பர்களும் மைத்துனர்களும் கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அப்ராம்ஸ்கி வழக்கு அச்சாக இதுவே. வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் காவலர் தன் தள்ளுபடியில் பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா துப்பாக்கி வைத்துக்கொள்ள முழுத் தகுதி உள்ளவர், டீலர் வழியாகத்தான் மாற்றினார்கள். இருந்தும் "உண்மையான வாங்குபவர் நானே" என்று படிவத்தில் எழுதியது பொய் என்று தண்டனை உறுதியானது. உங்கள் பணத்தில் வாங்கி உண்மையாகவே பரிசளிப்பது வேறு, அடுத்தவர் பணத்துக்கு வாங்குவது வேறு.

விசா, கிரீன் கார்டு

தமிழர்கள் கேட்கும் கேள்வி என்பதால் எழுதுகிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ராணுவத்தில் சேரலாம், துப்பாக்கி வைத்திருக்கவும் கூட்டாட்சித் தடை இல்லை, மேலே சொன்ன வசிப்பிட விதி அவருக்கும் அப்படியே. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது முக்கிய விலக்கு. அதனால் தளத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்த ஊழியர் ஒருவர் எச்1பியில் இருந்து, ராணுவ நண்பரிடம் வாங்க நினைத்தால், அந்த லைசென்ஸை முதலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவரோடு, தெரிந்தே கொடுத்த வீரரும் சேர்ந்து மாட்டுவார்.

பாரக்ஸில் இருப்பவர்களுக்கு

வியாபாரத்தைத் தளத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பாரக்ஸில் தங்குபவர் தன் துப்பாக்கியை யூனிட் ஆயுத அறையில்தான் வைக்க வேண்டும், அறையில் அல்ல. விற்க வெளியே எடுப்பதற்கே அனுமதி, கையெழுத்து, ஆயுத அறை திறக்கும் நேரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்குபவரை வரச்சொல்லிவிட்டு அறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்து நிற்பவர்கள் நிறைய. இரண்டு நாள் முன்பே கேட்டு வையுங்கள். விற்றதும் தளப் பதிவில் இருந்து அந்தச் சீரியல் நம்பரை நீக்கச் சொல்லி, நீக்கிய சான்றை விற்பனைக் காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். இடமாற்றத்தின்போது தளத்தை விட்டு வெளியேறும் சரிபார்ப்பில் "இந்தத் துப்பாக்கி எங்கே" என்று கேட்பது அந்தப் பதிவை வைத்துத்தான்.