மறுமொழி: தீத்தடுப்பு நெகிழியா, சுடரடங்கு நெகிழியா?

அனைவருக்கும் வணக்கம்.

> மறுசுழற்சி பிளாஸ்டிக்கிலிருந்து தொழிற்சாலைகளுக்காகச் செய்யப்படும், தீயில் எளிதில் அழியாத பொருள்களுக்கு ஒரு நல்ல சொல் வேண்டும். தீத்தடுப்பு நெகிழி, தீயெதிர்ப்பு நெகிழி, எரியாநெகிழி. இவற்றில் எது?

மூன்றுமே வேண்டாம் என்கிறேன், ஐயா.

எரியாநெகிழியை முதலில் தள்ளிவிடலாம். சுற்றிலும் 17, 18 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தாலே பாலிபுரோப்பிலீன் என்ற நெகிழி தொடர்ந்து எரியும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட்டுக்கு 20 சொச்சம் வேண்டும். நாம் மூச்சுவிடும் காற்றில் இருப்பதோ 21. உரிய வேதிப்பொருளைச் சேர்த்தால் இந்த எண் 28, 30 என்று ஏறும், அவ்வளவுதான். சின்னப் பொறி விழுந்தால் அணைந்துவிடும். கிடங்கே பற்றிக்கொண்டால் இதுவும் சேர்ந்துதான் எரியும்.

தீத்தடுப்பு என்ற சொல்லைத் தீயணைப்புத் துறையினர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். தீ நேராமல் பார்த்துக்கொள்வது அது. அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

சிக்கலெல்லாம் தீயெதிர்ப்பில்தான். அதற்குள் இரண்டு வேறு பண்புகள் ஒளிந்திருக்கின்றன, இரண்டுக்கும் சோதனையே வேறு. நெகிழி எப்படி எரிகிறது என்று பார்க்கும் யூஎல் 94 சோதனையில் 125 மில்லிமீட்டர் நீளப் பட்டை ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 10 நொடி சுடர் காட்டி எடுக்கிறார்கள். அணைந்ததும் இன்னொரு 10 நொடி. ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்குள் தானே அணைந்து, கீழே வைத்த பஞ்சைப் பற்றவைக்கும் சொட்டும் விழாமல் இருந்தால் வி-0 தரம். இது பொருளின் பண்பு. இன்னொன்று சுவர், கதவு, தூண் போன்ற கட்டுமான உறுப்புகளுக்கானது. உலையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே போவார்கள். உலைச் சூடு எப்படி ஏற வேண்டும் என்று வகுத்த பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 834 வளைகோட்டின்படி 60 நிமிடத்தில் உலை 945 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். எத்தனை நிமிடம் தாங்கியது என்பதுதான் அங்கே கணக்கு. வி-0 வாங்கிய நெகிழியை அந்த உலையில் தனியே வைத்தால் சில நிமிடங்கூடத் தாங்காது.

ஆங்கிலத்தில் ஃபிளேம் ரிடார்டன்ட், ஃபயர் ரெசிஸ்டன்ட் என்ற இரண்டு தொடர்களையும் சுருக்கினால் ஒரே "எஃப்ஆர்" ஆகிவிடுகிறது. விற்பவருக்கு அது வசதி. தமிழில் அந்தக் குழப்பத்தை நாமாக இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

என் முன்மொழிவு:

சேர்க்கும் வேதிப்பொருள்: சுடரடக்கி.
அது சேர்ந்த பொருள்: சுடரடங்கு நெகிழி.
நிமிடக் கணக்கில் தாங்கும் கட்டுமான உறுப்பு: தீத்தாங்கு சுவர், தீத்தாங்கு கதவு.

அடக்கு, அடங்கு என்ற பிறவினை தன்வினை இணை நம்மிடம் தயாராக இருக்கிறது. இந்தச் சொல், சோதனையில் நடப்பதற்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை. தீ அணையும் என்றோ பற்றாது என்றோ அது சொல்வதில்லை. சுடர் அடங்கும் என்று மட்டும் சொல்கிறது.

(சங்கப் பாடல்களில் ஞெகிழி என்றால் தீக்கொள்ளி. பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்று பெயர் வைத்தவர்கள் எரியும் குணத்தையும் நினைத்தார்களா, தெரியாமல் அமைந்துவிட்டதா!)

இனி "மறுசுழற்சி" என்ற அடைமொழி. இதை எங்கே வைப்பது என்று இழையில் யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். "சுடரடங்கு மறுசுழற்சி நெகிழி" என்றால் பழைய நெகிழியை உருக்கி, பிறகு சுடரடக்கி சேர்த்தது. "மறுசுழற்சிச் சுடரடங்கு நெகிழி" என்றால் ஏற்கெனவே சுடரடக்கி சேர்ந்திருந்த நெகிழியை மறுசுழற்சி செய்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் கறுப்பு ஓடுகள் இரண்டாவது வகை. அவற்றில் பல புரோமின் சேர்மங்கள் கலந்தவை. நச்சு என்று, நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இலும் 2017-இலும் பட்டியலிட்ட புரோமின் சேர்மங்களும் அவற்றில் உண்டு. அந்த ஓடுகளை அரைத்துக் குருணையாக்கினால் நஞ்சும் கூடவே வரும். வாங்குபவர் எது எதுவென்று தெரிந்துதான் வாங்க வேண்டும்.

முதல் வகையிலும் வேலை எளிதல்ல. பாலிபுரோப்பிலீனில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடைக் கலப்பார்கள். 330 டிகிரி வாக்கில் அது சிதைந்து நீராவியை விட்டுச் சூட்டைத் தணிக்கும். அலுமினியம் ஹைட்ராக்சைடு மலிவுதான், ஆனால் 200 டிகிரியிலேயே நீரை விடத் தொடங்கிவிடுவதால் நெகிழியை உருக்கும்போதே வீணாகிவிடும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடையும் எடையில் பாதிக்கு மேல், 60 விழுக்காடு வரைகூடக் கலந்தால்தான் வி-0 கிடைக்கிறது. ஒருமுறை உருகி வந்த நெகிழியின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஏற்கெனவே குட்டையானவை. அதில் இவ்வளவு தூளைத் திணித்தால் உடையத்தான் செய்யும்.

பெட் பாட்டில்களுக்கு வேறு வழி இருக்கிறது. 200 டிகிரிக்கு மேல் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளுடன் வினைப்படுத்திச் சங்கிலிகளை அறுத்தால் பிசுபிசுப்பான நீர்மம் கிடைக்கும். அதை மிகுதியான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளுடன் சேர்த்து நுரைக்கவிட்டால் பாலிஐசோசயனுரேட் என்ற வெப்பக்காப்பு நுரைப் பலகை; கிடங்குகளின் கூரைக்கும் குளிர்பதன அறைச் சுவருக்கும் போவது. பெட்டிலிருந்து வந்த அரோமாட்டிக் (உறுதியான கார்பன்) வளையங்களாலும், நுரைக்கும்போது உருவாகும் ஐசோசயனுரேட் வளையங்களாலும், தீப்பட்டால் மேலே கரி படிந்து உள்ளே சூடு போகாமல் மறைக்கிறது.

சரி, இதையாவது எரியாப்பலகை எனலாமா? லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயால் 72 பேர் இறந்தார்கள். தீ ஓடியது முதன்மையாகப் பாலிஎத்திலீன் நடுவே வைத்த அலுமினியத் தகடுகளில். அவற்றுக்குப் பின்னால் இருந்த காப்புப் பலகைகளில் பெரும்பகுதி பாலிஐசோசயனுரேட். விற்றவர்கள் சோதனை முடிவுகளில் நேர்மையாக இல்லை என்று விசாரணையின் 2024 இறுதி அறிக்கை சொன்னது. பெயர்ப்பலகை பொருளைவிடப் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

---

> சுடரடங்கு நெகிழி

நல்ல முயற்சி. ஆனால் நாங்கள் இலங்கையில் படித்த விஞ்ஞான நூல்களில் சுவாலை என்றுதான் இருந்தது. எரிதலுக்குத் தகனம் என்போம். உங்கள் பக்கத்தில் அதைச் சொன்னால் சுடுகாடு நினைவுக்கு வரும் என்று தெரியும். சுவாலையடக்கி என்று வைத்தால் இரு பக்கமும் விளங்காதா?

இன்னொன்று, சூடுபட்டால் பொங்கி எழும்பும் பூச்சுக்கு என்ன பெயர்? அதையும் இந்த இழையிலேயே முடித்துவிடுங்கோ.

---

அம்மா, சுவாலையடக்கி விளங்கும். பெயர்ச்சொல்லாக அதையும் இணையாகக் குறித்துவிடலாம். ஆனால் அடைமொழியாக்கிச் சுவாலையடங்கு நெகிழிப் பலகை என்று நீட்டினால் நாக்கு தடுக்குகிறது. தலைச்சொல்லாகச் சுடரடக்கியே இருக்கட்டும்.

பூச்சுக்கு வருகிறேன். அம்மோனியம் பாலிபாஸ்பேட் அமிலம் தரும், பென்டாஎரித்ரிட்டால் கரி தரும், மெலமைன் வாயு தரும். மூன்றும் சேர்ந்து பூரி போல உப்பிக் கரிநுரையாக நிற்கும். உப்புப் பூச்சு என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் கடைக்காரர் கல்லுப்பை எடுத்து நீட்டுவார்! வீங்குபூச்சு நோய் போல ஒலிக்கிறது. பொங்குபூச்சு எனக்குப் பிடித்திருக்கிறது, நீங்கள் எழுதிய "பொங்கி எழும்பும்" என்பதிலிருந்தே எடுத்தது. பால் பொங்குவதுபோல் வழிந்துவிடும் என்ற பொருள் வந்துவிடுமோ என்று மட்டும் ஐயம். வண்ணப்பூச்சுத் தொழிலில் இருக்கும் உறுப்பினர் யாராவது சொன்னால் அதையே எடுத்துக்கொள்வோம். அதுவரை சுடரடக்கி, சுடரடங்கு, தீத்தாங்கு மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.