தாய்ச்சி தற்காப்புக்கு உதவுமா, இல்ல உடற்பயிற்சி மட்டும்தானா?

ஈப்போ மலர்:
வணக்கம். எங்க தாமான் (குடியிருப்பு) பாடாங்ல, அதான் திடல்ல, காலைல சீன அங்கிள் ஆன்ட்டிங்க பாட்டு போட்டு தாய்ச்சி செய்றாங்க, என்னையும் வந்து சேந்துக்க சொன்னாங்க, காசு வேணாம்னுட்டாங்க. வேலை முடிஞ்சு ராத்திரி பஸ் ஸ்டாப்ல இருந்து வீட்டுக்கு தனியாதான் நடந்து வரணும், மோட்டார்ல வந்து பேக்க இழுத்துட்டு போறானுங்கன்னு அடிக்கடி கேள்விப்படுறோம், அதனால தற்காப்பு ஏதாச்சும் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வயசு நாப்பதாச்சு, முட்டி வேற வலி, கராத்தே மாதிரி குதிக்க முடியாது. இவ்ளோ மெதுவா செய்றது நெஜமாவே சண்டைக்கு உதவுமா?

கிள்ளான் பையன்:
அக்கா, அத நம்பி யாரையும் எதுத்து நிக்காதீங்க. 2017ல சீனாவுல செங்டுல சூ சியாவ்தோங்னு ஒரு எம்எம்ஏ (பல சண்டை முறைய கலந்து போடுற போட்டி) ஆளு வெய் லெய்ங்கற தாய்ச்சி மாஸ்டர அரை நிமிஷத்துக்குள்ள கீழ போட்டு குத்திட்டாரு, யூடியூப்ல பாருங்க. நிஜ அடி வாங்கிப் பழகாத உடம்பு மொத அடிக்கே உறைஞ்சு போயிடும். பேசாம பாக்சிங் ஜிம்முக்கு போங்க, பொண்ணுங்களும் நிறைய வராங்க.

தீவுக்காரன்:
தம்பி, அங்க தோத்தது அந்த மனுசனோட பயிற்சி. தாய்ச்சி சண்டைக்குன்னு இருந்த கலைதான், ஹெனான்ல இருக்கற சென் குடும்பத்து கிராமத்துல கத்துக்கிட்ட யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டுல பெய்ஜிங் போய் அரண்மனை காவலாளிங்களுக்கே சொல்லிக்குடுத்தவரு. அவரோட பேரன் யாங் செங்ஃபூ காலத்துல வெடுக்குனு அடிக்கறதயெல்லாம் கொறச்சு மெதுவாக்கினாங்க, 1956ல சீன அரசாங்கத்து விளையாட்டு ஆணையம் 24 அசைவா சுருக்கி எல்லாருக்கும் பரப்புச்சு. பாடாங்ல செய்றது பெரும்பாலும் அந்த 24தான், சண்டை பக்கத்த அங்க யாரும் தொடவே மாட்டாங்க.

மலர், நீங்க கேக்க வேண்டியது துய்ஷோவ் உண்டான்னுதான். ரெண்டு பேர் முன்கைய முன்கையோட ஒட்டி வச்சு ஒருத்தர ஒருத்தர் நிலை தடுமாற வைக்கற பயிற்சி அது. நீங்க பலம் போட்டு தள்ளுவீங்க, தெரிஞ்ச ஆளு எதுத்து தள்ள மாட்டாரு, ஒட்டின கைய விடாம இடுப்ப மட்டும் திருப்புவாரு, உங்க பலத்துக்கு பிடி இல்லாம போய் நீங்களே முன்னாடி சாஞ்சிடுவீங்க, அந்த நொடியில தோளால ஒரு இடி விழும். முட்டிக்கு மேல கைய வீசுற அசைவ பாத்திருப்பீங்க, கீழ வர உதைய ஒரு கையால ஒதுக்கிட்டு உள்ள காலடி வச்சு மறு கையால நெஞ்சுல அடிக்கறது அது. ஆனா எதிராளி விட்டுக்குடுத்து நடிக்காம முரண்டு புடிக்கணும், வேகமா வரணும், அப்பதான் இது கைக்கு வரும். 1954ல மக்காவ்ல வூ கோங்யீ அம்பது வயசுக்கு மேல மேடை ஏறி தன்னைவிட ரொம்ப சின்னவரான வெள்ளைக்கொக்குங்கற குங்ஃபூ பாணி ஆளோட மோதினாரு, அவர் மூக்குல ரத்தம் வர அடிச்சாரு, கடைசில யாருக்கும் வெற்றின்னு சொல்லல. அந்த சண்டைய எடுத்த படத்த பாத்தா பாடாங் தாய்ச்சி மாதிரியே இருக்காது.

ஈப்போ மலர்:
ரொம்ப நன்றி அண்ணே. அப்ப ராத்திரி பயத்துக்கு என்ன வழி? முட்டிக்கு ஒண்ணும் ஆகாதே?

சித்தியவான் அக்கா:
மலர், மோட்டார்ல வர்றவன்கிட்ட எந்த கலையும் எடுபடாதும்மா. பேக்க ரோட்டு பக்கம் போடாத, உள்பக்கமா போடு, இழுத்தான்னா விட்டுடு, பிடிச்சு தொங்கினா தரையில இழுபட்டு தலையில அடிபடும். தாய்ச்சிக்கு கட்டாயம் போ, வயசானவங்க கீழ விழறது கொறையுதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. முட்டிக்கு ஒண்ணு மட்டும் கவனி, ரொம்ப கீழ இறங்கி நிக்காத, திரும்பும்போது பாதமும் சேந்து திரும்பணும், முட்டிய மட்டும் முறுக்கக்கூடாது. யாராச்சும் வந்து கைய புடிச்சா என்ன செய்றதுன்னும், அடிபடாம எப்படி விழறதுன்னும் ஒரு ஜூடோ கிளாஸ்ல பழகிட்டு வந்தாலும் நல்லது.

கிள்ளான் பையன்:
அந்த மக்காவ் படம் இப்பதான் தேடிப் பாத்தேன் அண்ணே, ரெண்டு பேரும் குத்துச்சண்டை மாதிரி கண்டபடி வீசுறாங்க. உங்க பினாங்குல துய்ஷோவ் முரண்டு புடிச்சு செய்ற எடம் இருந்தா சொல்லுங்க, நானே ஒரு நாள் வந்து தள்ளிப் பாக்கறேன்.